இடுப்புக்குக் கனம் தெரியாது

என் மாமாவுக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதே அந்தத் தோல் வார் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதுவரை அவருக்குக் கழுத்து முடிந்ததும் கால் தொடங்கிவிடும். அவ்வளவு ஒல்லி. அம்மாவின் தம்பி. சிராங்கூன் சாலையில் மாட்டுக் கொட்டகைகளுக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். படம் பிடிக்கும் கடை ஒன்றில் அவருக்கு வேலை. வெளியே போய் எடுக்கும் படங்களுக்கெல்லாம் கேமராவைச் சுமந்துகொண்டு போவார்.

அந்தக் காலத்துக் கேமரா ஒரு தேக்குப் பெட்டி. லென்ஸ் தனி, பித்தளைக் குழலுக்குள் கண்ணாடி, கைக்குழந்தையின் தலை போலக் கனக்கும். இரண்டையும் தோளில் மாட்டி மாட்டி மாமாவுக்குத் தோள் ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டது. மார்க்கெட் தெருவில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் வியாபாரிகள் அகலமான தோல் வார் கட்டுவார்களே, அதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை பிறந்தது. குதிரை வண்டிக்குச் சேணம் தைப்பவரிடம் சொல்லி ஒன்று செய்துகொண்டு வந்தார். வலது பக்கம் பெட்டிக்கு ஒரு பை, இடது பக்கம் லென்ஸுக்கு மூடியும் பொத்தானும் வைத்த உறை, பின்புறம் மடக்கிய முக்காலிக்கு ஒரு வளையம்.

“பாருக்கா, ரெண்டு கையும் சும்மா!” என்று கையை ஆட்டிக் காட்டினார்.

“உன் கை என்னைக்குடா வேலை செஞ்சிச்சு, இன்னைக்குப் புதுசா சும்மா இருக்க?” என்றாள் அம்மா.

மாமா என் பக்கம் திரும்பினார். “தோளுதான்டா சொல்லிக்காட்டும். இடுப்பு வாயில்லாப் பூச்சி. அதுக்குக் கனமே தெரியாது.”

அந்த வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்தது எதுவும் மண்டையில் நிற்காது. இந்த மாதிரி விஷயம் மட்டும் ஆணி அடித்தது போல நிற்கும்.

அந்த மாதம் ஊரில் ஒரு பயங்கரம் நடந்தது. பட்டாளத்து இந்தியச் சிப்பாய்கள் தங்கள் துரைகளையே சுட்டுவிட்டுத் துப்பாக்கியோடு ஊருக்குள் சிதறிவிட்டார்கள். இரண்டு நாள் எங்கள் தெருவில் மாடுகள்கூடக் கத்தவில்லை. பிறகு வெள்ளைக்காரர்கள் பாலத்துக்குப் பாலம் காவல் நின்றார்கள். இந்தியன் என்றால் நிறுத்துவார்கள். யார், எங்கே, எதற்குப் போகிறான் என்று எழுதிய கடிதம் இல்லாதவனைக் கொண்டுபோய்விடுவார்கள். கொண்டுபோனவர்களைப் பற்றிப் பெரியவர்கள் பேசும்போது எங்களை வெளியே போய் விளையாடச் சொல்வார்கள். நாங்கள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்போம். பிள்ளைகுட்டியோடு போகிறவனை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை என்பதும் அப்படிக் காதில் விழுந்ததுதான்.

வாரம் ஒன்று போனது. காத்தோங்கில் ஒரு தவுக்கே, பெரிய சீனப் பணக்காரர், குடும்பத்தோடு படம் எடுக்க வேண்டும், தள்ளிப்போட முடியாது என்று ஆள் அனுப்பினார். போகாவிட்டால் வேலை போகும். முதலாளி ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். மாமா முந்தின நாள் சாயங்காலமே எல்லாவற்றையும் பைகளில் போட்டுப் பொத்தானையும் மாட்டி, வாரை ஆணியில் தொங்கவிட்டார்.

காலையில் அவர் குளிக்கப் போன நேரத்தில் நான் லென்ஸை எடுத்துவிட்டேன். வெயிலில் பிடித்தால் வைக்கோல் பற்றிக்கொள்ளும் என்று கொட்டகைப் பையன் சொல்லியிருந்தான். உறை வெறுமையாகத் தொங்கினால் தெரிந்துவிடுமே. அம்மா இஞ்சி இடிக்கும் சின்னக் குழவியை அதே கம்பளித் துணியில் சுற்றி உள்ளே வைத்தேன். அளவும் சரி, கனமும் சரி. இடுப்புக்குத்தான் கனம் தெரியாதே!

வைக்கோல் புகைய ஆரம்பித்தபோது மாமா வாரைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். லென்ஸைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினேன்.

“மாமா, நானும் வரேன் மாமா!” வழியில் எங்காவது மாற்றி வைத்துவிடலாம் என்று கணக்கு.

“நீ எதுக்குடா? குரங்க இடுப்புல கட்ட இதுல பை தைக்கலியே” என்றார்.

காலைப் பிடித்தேன். அழுதேன். அழுகை எனக்கு நன்றாக வரும். கொஞ்ச நேரம் யோசிப்பது போல நின்றவர், “சரி, போய் முகத்தக் கழுவு. நல்ல சட்டையப் போட்டுக்க” என்றார். அவரே என் தலையைச் சீவிவிட்டார். அம்மாவிடம், “பக்கத்துலதான்கா, சாயங்காலம் வந்துடுவோம்” என்றார். மாமாவை ஏமாற்றிய பெருமையில் எனக்குக் கால் தரையில் படவில்லை.

வழியெல்லாம் மாமா என் கையை விடவே இல்லை. ஒரு கை அவரிடம், மறு கை என் கால்சட்டையிடம். கால்சட்டைக்கு நாடாதான். பித்தளை அதைக் கீழே இழுத்துக்கொண்டே இருந்தது.

காலாங் பாலத்தில் நிறுத்தினார்கள். ஒரு வெள்ளைக்காரன், இளவயது, வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. பக்கத்தில் ஒரு மலாய்ப் போலீஸ்காரர். மாமா கையைத் தூக்கினார். அப்போதுதான் எனக்கு ஒன்று கண்ணில் பட்டது. மூடி, பொத்தான், இடது இடுப்பு. அந்த உறை அப்படியே துரைமார் கைத்துப்பாக்கி வைக்கும் உறை.

வெள்ளைக்காரனுக்கும் அது கண்ணில் பட்டுவிட்டது. துப்பாக்கியை மாமாவின் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, “அப்பா இத்து?” என்றான். மலாயில் ‘அது என்ன’ என்று கேட்கிறான். வேறு நாளாக இருந்தால், வெள்ளைக்காரன் மாமாவை அப்பா என்று கூப்பிட்டான் என்று ஒரு வாரம் சொல்லிச் சிரித்திருப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

“காச்சா, துவான். கண்ணாடி, துரை. படம் எடுக்கிற கண்ணாடி” என்றார் மாமா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

போலீஸ்காரர் மாமாவின் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். வலது பக்கப் பையைத் திறந்தார். பெட்டி. முன்னால் வெறும் ஓட்டை. பிறகு இடது பக்கப் பொத்தானைக் கழற்றித் துணியை வெளியே எடுத்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. கருங்கல் குழவி. இஞ்சி வாசனை எனக்கு அடித்தது.

மாமா அந்தக் குழவியைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. தன் இடுப்பே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது போல இருந்தது. வெள்ளைக்காரன் இரண்டடி பின்னால் போய்த் துப்பாக்கியைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தான். கீழே ஆற்றில் ஒரு தோணி போகும் சத்தம் கேட்டது.

நான் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டேன்.

“கைய எடுடா!” என்று மாமா கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. “மேல தூக்குடா, மேல! ரெண்டு கையும்!”

துப்பாக்கி என் பக்கம் திரும்பியிருந்தது.

இரண்டு கையையும் தூக்கினேன். பிடிக்க ஆள் இல்லாமல் போனதும் கால்சட்டை ஒரே இழுப்பில் கணுக்காலுக்கு வந்துவிட்டது. லென்ஸ் ‘டங்’ என்று விழுந்து, பாலத்தின் மேல் உருண்டு, வெள்ளைக்காரனின் பூட்ஸில் மோதி நின்றது. நான் நல்ல சட்டையோடு, மற்றபடி பிறந்த மேனியாக, கையைத் தூக்கியபடி நின்றேன்.

முதலில் சிரித்தது போலீஸ்காரர். பிறகு வெள்ளைக்காரன். சிரித்துக்கொண்டே அவன் கடிதத்தைப் படித்தான். ஒரு வரி படித்துப் பெட்டியைத் தட்டினான். அடுத்த வரிக்கு லென்ஸை. அடுத்த வரிக்கு முக்காலியை. கடைசியாக ஒரு வரி படித்துவிட்டு என் தலையைத் தட்டினான். என்னைப் பாராட்டுகிறான் என்று நினைத்தேன்.

பாலம் தாண்டியதும் மாமா ஒரு மரத்தடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். நான் அடிக்குக் காத்திருந்தேன். அடி வரவில்லை. கச்சான் கடலை விற்பவனிடம் ஒரு பொட்டலம் வாங்கி என் கையில் கொடுத்தார்.

“அம்மாகிட்ட சொல்லாதடா, என்ன?”

“நீங்களும் சொல்லக் கூடாது மாமா.”

“சத்தியமா சொல்லல.”

குற்றம் செய்தவன் நான், கச்சானும் எனக்கு. இவ்வளவு ஏமாளியான மாமா யாருக்குக் கிடைப்பார் என்று தின்றுகொண்டே நடந்தேன். திரும்பும்போது அதே பாலத்தில் என்னைத் தனக்கு முன்னால் நடக்கவிட்டார். அதுவும் எனக்கு மரியாதையாகவே பட்டது.

போன மாதம் மாமாவின் பழைய டிரங்குப் பெட்டியைத் துழாவியபோது அந்தக் கடிதம் கிடைத்தது. எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். கேமரா ஒன்று. லென்ஸ் ஒன்று. முக்காலி ஒன்று. அதற்குக் கீழே, அதே மையில், அதே கையெழுத்தில்: பையன் ஒருவன்.

மேலே தேதி போட்டிருந்தது. நான் காலைப் பிடித்து அழுததற்கு முந்தின நாள்.