அக்கா பூசிய மொட்டை மாடி

எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவினருக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம்.

அக்கா ஆர்.கே.பேட்டையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தார். கே.ஜி.கண்டிகையில் வாழ்க்கைப்பட்டு, மூன்றே ஆண்டில் கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பினார். பெற்றோர் போன பின் தறியில் உட்கார்ந்து என்னைப் படிக்க வைத்தார். எனக்குத் திருத்தணி தாலுகா ஆபீசில் வேலை கிடைத்ததும் என்னோடு வந்துவிட்டார்.

எழுபதுகளில் வீடு கட்டினோம். அக்கா ஓடு போதும் என்றார். தளம் போட்டு ஃபேன் மாட்டினால்தான் வீடு என்றேன் நான். குமாஸ்தாவுக்கு அத்தனை வீறாப்பு. முதல் சித்திரையிலேயே கைக்குழந்தையான என் மகளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. ஃபேன் சுற்றச் சுற்ற அனல்தான் இறங்கியது.

அந்த வாரமே அக்கா சுண்ணாம்பைக் கரைத்துக் கஞ்சி கலந்து மொட்டை மாடி முழுதும் பூசினார். தெருவே சிரித்தது.

"மாடிக்கு எதுக்கு வெள்ளை, காக்கா குந்தவா?" என்று நானும் கேட்டேன்.

"மலைக்கோயில்ல வெயில்ல சுத்தி வர்றப்ப, வெள்ளைப் பட்டை மேல நடந்தா கால் சுடல இல்ல? அதேதான்டா. மேல வந்து வெறுங்கால்ல நின்னு பாரு" என்றார். நான் போகவில்லை.

வீடு குளிர்ந்தது. இடையில் நான் ஃபேனுக்கு எண்ணெய் விட்டிருந்ததால் பெருமை அதற்குப் போயிற்று. ஒவ்வொரு பங்குனியிலும் அக்கா பூசுவார், "வந்து நின்னு பாருடா" என்பார். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்பேன். சித்திரையில் வருகிறவர்கள், "உள்ள வந்தா குளுகுளுன்னு கீதுங்க" என்பார்கள்.

"ஆங், நல்ல ஃபேனுங்க" என்பேன். மோர் கொண்டுவரும் அக்கா சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவார். ஒரு நாளும் என்னைத் திருத்தியதில்லை.

போன பங்குனியிலும் பூசினார். வைகாசியில் நான்கு நாள் காய்ச்சலில் போய்விட்டார்.

துக்க வருடத்தில் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது எங்கள் வழக்கமில்லை. மழையில் கறுத்த மாடி இந்தப் பங்குனியில் அப்படியே கிடந்தது. சித்திரை வந்தது. அதே ஃபேன், அதே வேகம். வீட்டுக்குள் அடுப்படியில் படுத்தது போல் இருந்தது. இத்தனை வருடம் இந்த வீட்டைக் குளிர வைத்தது யார் என்று அப்போதுதான் என் மரமண்டைக்கு எட்டியது. ஒப்புக்கொள்ளலாம் என்றால் அக்கா இல்லை. இன்னும் ஒரே ஒரு முறை "வாடா" என்று கூப்பிட மாட்டாரா என்று ஏங்குகிறேன்.

காய்ச்சலில் உடனிருந்த பக்கத்து வீட்டாருக்கும், தோள் கொடுத்த ஆர்.கே.பேட்டை நெசவாளர்களுக்கும், ரயிலேறி வந்த சொந்தங்களுக்கும் நன்றி. அன்று சிரித்த தெருக்காரர்களுக்கும்தான். அவர்கள்தான் இறுதி நாளில் பந்தல் போட்டார்கள்.

திதி முடிந்த மறுநாள் மாடி ஏறப் போகிறேன். அக்காவின் சுண்ணாம்பு மட்டை பரண்மேல் இருக்கிறது. பூசிக் காய்ந்ததும், உச்சி வெயிலில் வெறுங்காலோடு நிற்பேன். "சுடல அக்கா" என்று யாரிடம் போய்ச் சொல்வேன்?