நாகேந்திரத்தாரின் ஹோல்ற்

கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறி, காலை ஏழு மணிக்கெல்லாம் கொன்ஸ்ரன்ஸ் வெள்ளவத்தைக்கு வந்துவிடுவாள். நோயாளர் பராமரிப்பில் பதினெட்டு வருஷம். எவருடைய அடமும் அவளை அசைத்ததில்லை. பக்கவாதத்தில் வலக்கை சோர்ந்துபோன நாகேந்திரத்தார், வைத்தியர் கைப்பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்தை ஜன்னலால் எறிந்தபோதும் அவள் கோபிக்கவில்லை. அவருடைய கம்ப்யூட்டரைக் கிட்ட இழுத்து வைத்து, "அப்ப இதைத் தட்டுங்கோ ஐயா, வலக்கையாலை" என்றாள். மூன்று மாதத்தில் இரண்டு விரல்கள் அசையத் தொடங்கிவிட்டன.

இப்போது அந்தக் கம்ப்யூட்டருக்கே ஆபத்து. போன மாதம் மருமகன் ராகுலன் அதில் புது லினக்ஸ் இயங்குதளம் போட்டுக் கொடுத்ததிலிருந்து அது முழுதாக அணைவதில்லை. திரை கறுத்துவிடும், லைட் எரியும், உள்ளே காற்றாடி சுற்றும். மகள் சிவானி தொட்டுப் பார்த்துவிட்டாள்.

"சூடாக் கிடக்கு அப்பா. வீட்டைக் கொளுத்தப் போறீங்களே? பின்னேரம் அவர் வந்து தூக்கிக்கொண்டு போவார்."

"உன்ரை மனுசன் பழுதாக்கினதுக்கு என்னை ஏன் பேசுறாய்?"

சிவானி வேலைக்குப் போனதும் கொன்ஸ்ரன்ஸ் பிறஷர் எழுதும் கொப்பியை எடுத்தாள். 'திரை கறுப்பு. மூச்சு இருக்கு. உடம்பு சூடு.' நோயாளி சொல்வதை நம்பக் கூடாது, செய்வதைப் பார்க்க வேண்டும்.

"எப்பிடி நிப்பாட்டுறனீங்கள்? எனக்கு முன்னாலை செய்யுங்கோ."

பொத்தானை அமத்திப் பிடித்து அணைத்து, திரும்ப எழுப்பினார்கள். ஐயா ஒரு விரலால் நான்கு எழுத்துத் தட்டினார். திரை கறுத்தது. லைட் எரிந்தது.

"என்னய்யா அடிச்சனீங்கள்?"

"ஹோல்ற். இருபது வருஷமா அணைக்கிறதுக்கு இந்த இங்கிலிஷ் கட்டளைதான். பழைய லினக்ஸ் இதுக்கே முழுசா அணைஞ்சிடும்."

"ஹோல்ற்றிலை பஸ் நிண்டால் டிரைவர் என்ஜினை நிப்பாட்டுறவரே?"

'நில்' என்றால் மெஷின் நிற்கும், மின்சாரம் போகாது என்பது ஐயாவுக்குப் பிடிபட்டது. மறுபடி எழுப்பி, இந்தமுறை 'பவர்ஓஃப்' என்று ஆங்கிலத்தில் எட்டெழுத்துத் தட்டினார். காற்றாடி நின்றது. லைட்டும் போனது.

பின்னேரம் ராகுலன் கம்ப்யூட்டரைக் கொண்டுபோக வெறும் பெட்டியோடு வந்து நின்றான்.

"தொட்டுப் பாருங்கோ தம்பி" என்றாள் கொன்ஸ்ரன்ஸ். தொட்டான், குளிர்ந்து கிடந்தது. வெறும் பெட்டியோடேயே திரும்பிப் போனான்.

"எட்டெழுத்துக்குக் கை உளையுது, கொன்ஸ்ரன்ஸ்" என்றார் ஐயா. "ஓரெழுத்தாச் சுருக்கி வைக்க வழியிருக்கு."

"தம்பி இன்னும் லிஃப்டுக்குப் பக்கத்திலைதான் நிக்கிறார். கூப்பிடட்டே?"

ஐயா முறைத்தார்.

"மெஷினைப் போடுங்கோ" என்றாள் அவள். "நான் வீட்டை போக முதல் நாலு தரம் அணைப்பம், எட்டெழுத்தும் வலக்கையாலை."