பூவைப் பார்த்து வாங்கிய பத்து ஏக்கர்

என் மச்சினன் கைநாட்டு. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குக் காப்பி மூட்டை இறக்கும் மாட்டுவண்டிக்காரன். நானோ துரையின் எஸ்டேட்டில் ரைட்டர். கோட்டு போட்டுக்கொண்டு இங்கிலீஷில் கடிதம் எழுதுகிறவன். அவன் மூன்றாவது வண்டி வாங்கியபோதே எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன்.

தலைச்சோலைப் பக்கம் இருந்த பத்து ஏக்கர் தோட்டத்தைத் துரை விற்கப்போகிறார் என்பது தை மாதமே எனக்குத் தெரியும். வாங்கும் எண்ணம் துளியும் இல்லை. பங்குனியில் ஒரு மழை பெய்தது. அடுத்த வாரம் மலை முழுக்கக் காப்பிப் பூ. அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் மனைவி சோறு போட்டபடி சொன்னாள்.

"ஏனுங்க, தம்பி அந்தத் தோட்டத்தக் கேட்டிருக்கானுங்க. தொரை வெலை கூடச் சொல்றாருன்னு பொறுத்திருக்கானாம். அமைஞ்சுட்டா நொம்ப நல்லதுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சம்பளம் கூடியபோதுகூட அவள் அப்படிச் சிரித்ததில்லை. நாளைக்கு அவனை முதலாளி என்பார்கள், நான் ரைட்டராகவே இருப்பேன். பாதிச் சோற்றிலேயே கை கழுவினேன்.

மறுநாள் காலையிலேயே துரையின் பங்களாவுக்குப் போய், அவர் சொன்ன விலைக்கு மறுபேச்சில்லாமல் தலையாட்டினேன். பாதிப் பணத்துக்கு என் சேமிப்பும், மனைவியின் வளையல்களை அடகு வைத்ததும் சரியாய்ப் போயிற்று. வளையலைக் கழற்றும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. மீதியைச் சேலத்துக் காப்பி வியாபாரி கொடுத்தார். வருடா வருடம் பூக்கும் காலத்தில் மலையேறி வந்து, பூவைப் பார்த்து முன்பணம் தருவார். மார்கழியில் பழமாக வாங்கிக்கொள்வார். காய்ப்பு பொய்த்தால் தோட்டம் அவருக்கு என்று பத்திரம். அதையும் நானே எழுதினேன், என் அழகான கையெழுத்தில்.

சேதி கேட்டு மச்சினன் வந்தான். "நல்லதுங்க மச்சான். நம்மூட்டுல ஆரு வாங்குனா என்னங்க?" என்றான். சண்டை போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பூ உதிர்ந்த பின் இரண்டாவது மழை பெய்தால்தான் பிஞ்சு நிற்கும். மலையில் பழம் பறிக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பூ மச்சினனுக்குப் போய்விடுமோ என்ற பயத்தில், மழை எனக்காக வரும் என்று நம்பிவிட்டேன். சித்திரை முழுக்க வெயில் காய்ந்தது.

மார்கழியில் நாலு மூட்டைகூடத் தேறவில்லை. வியாபாரி தோட்டத்தை எடுத்துக்கொண்டார். மலையில் தங்கிப் பார்த்துக்கொள்ள அவருக்கு ஆளில்லை. தை பிறந்ததும் விற்றுவிட்டார். வாங்கியவன் என் மச்சினன். ஒரு வண்டியை விற்று, நான் கொடுத்த விலையில் பாதிக்கு முடித்துவிட்டான்.

தோட்டத்துப் பக்கம் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். கால் கேட்கவில்லை. அவன் ஒரு செடியின் அடியில் குந்தி, மண்ணைத் தோண்டி உள்ளங்கையில் பிசைந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"போன வருசம் பூத்துக் கெடந்தப்பவே, நான் வர்றதுக்கு முன்னாடி நீ ஏன் வாங்கல?" என்றேன்.

"மறந்துட்டீங்களா மச்சான்? பூவப் பாத்து வெலை பேசாத, தை மாசத்துல போயி வேரையும் மண்ணையும் பாருன்னு எனக்குச் சொன்னதே நீங்கதானுங்க."

கேலியே இல்லை அவன் குரலில். நான் சொன்னது எனக்கு நினைவு வந்தது. எப்போதோ வண்டியில் மூட்டை ஏற்றும்போது, படித்தவன் என்ற மிதப்பில் சொன்னது.

கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "வெசனப்படாதீங்க மச்சான். அடுத்த காய்ப்புல அக்கா வளையல நானே திருப்பிக் குடுத்தர்றனுங்க."

தோட்டம் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்த வளையலை அவள் கையில் போடப்போகிறவனும் அவன்தான் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.