வேண்டாம் என்று எழுதிய லசார்

லசாருக்கு முதலில் கோபம் வந்தது தன் மேலேயேதான். மூன்று வருடத்துக்கு முன்னால், பிரான்சு நாட்டின் எல்லா ஆம்பிளைக்கும் ஓட்டு வந்த பிறகு ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்த அந்த முதல் தேர்தலில், பனியில் இரண்டு மணி நேரம் நின்று இப்போது ஜனாதிபதியாக இருக்கும் இதே ஆளுக்குத்தான் ஓட்டுப் போட்டிருந்தான். வோக்ரூஸ் கிராமமே போட்டது. பழைய சக்கரவர்த்தியின் தம்பி மகன், ஏழைகளின் கஷ்டம் தெரிந்தவன் என்று பேசிக்கொண்டார்கள். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பேன் என்று அவன் சத்தியம் செய்ததைப் படித்துக் காட்டியபோது லசார் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் கேட்டான்.

1851 டிசம்பரில் அந்த ஆள் சட்டசபையைப் பூட்டினான். உறுப்பினர்களைப் படுக்கையிலிருந்து எழுப்பிச் சிறைக்கு அனுப்பினான். இனி எல்லாம் நானே என்று பாரிஸ் சுவர்களில் ஒட்டிவைத்தான். செய்தி யோன் ஆற்றோரமாக வோக்ரூஸுக்கு வந்தபோது லசார் கட்டிலில் கிடந்தான். அவன் விறகுக் கட்டைகளைத் தெப்பமாகக் கட்டி பாரிஸ் வரை மிதக்கவிட்டுக் கொண்டுபோகிறவன். நவம்பரில் ஒரு தெப்பம் கரையில் மோதி இடது காலை நசுக்கியிருந்தது.

ஆற்றோரம் கீழே இருந்த நகரத்தில் தெப்பக்காரர்கள் கிளர்ந்து எழுந்தார்கள். வோக்ரூஸிலிருந்தும் பத்தொன்பது பேர் போனார்கள். நான்கே நாளில் பட்டாளம் வந்து காடு முழுக்கச் சல்லடை போட்டுத் தேடி, அவர்களைக் குதிரைக்குப் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்துப் போனது. லசார் அதை ஜன்னல் வழியாகப் பார்த்தான்.

"இந்தக் கால் மட்டும் நல்லா இருந்திருந்தா..." என்றான்.

"நல்லா இருந்திருந்தா நீயும் அந்தக் கயித்துலதான் போயிருப்ப. சும்மா கெட," என்றாள் அவன் மனைவி பியரெத்.

அடுத்த வாரமே ஊர்க்காவலன் வீடு வீடாகச் சீட்டு கொடுத்துக்கொண்டு வந்தான். ஜனாதிபதி செய்தது சரியா என்று ஜனங்களையே கேட்கப்போகிறார்களாம். சீட்டில் 'சம்மதம்' என்று அழகாக அச்சிட்டிருந்தது.

"வேண்டாம்னு சொல்றதுக்கு எங்க சீட்டு?" என்று லசார் கேட்டான்.

"அது அச்சடிக்கல. வேணும்னா நீயே எழுதிக்க," என்று சொல்லிவிட்டு ஊர்க்காவலன் சிரித்தான். லசாருக்கு எழுதத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும்.

அந்தச் சிரிப்புதான் அவனை எழுப்பி உட்காரவைத்தது. பியரெத் கன்னிமாடத்தில் நாலு வருடம் படித்தவள். எழுதிக் கொடு என்றான்.

"மாட்டேன். என் எழுத்து மேயருக்குத் தெரியும். ரெண்டு புள்ளைங்க இருக்கு, ஞாபகம் வச்சுக்க."

"அப்படின்னா எனக்குச் சொல்லிக்குடு."

அவள் பாத்திரத்தை டங்கென்று வைத்தாள். பிறகு அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு வந்து மேஜைப் பலகையில் எழுதினாள்: நோன். மூன்றே எழுத்து, நடுவில் வட்டம், இரண்டு பக்கமும் ஒரே எழுத்து. பிரான்சு நாட்டு மொழியில் வேண்டாம் என்று சொல்ல அவ்வளவுதான் வேண்டும். முப்பத்தைந்து வயது லசார் நாக்கைக் கடித்துக்கொண்டு மூன்று நாள் அதைப் போட்டுப் பழகினான்.

ஞாயிற்றுக்கிழமை கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு ஊர்மன்றத்துக்குப் போனான். மேயர் கோத்ரி பெரிய மர வியாபாரி. தெப்பக்காரர்களுக்கு வேலை கொடுப்பதும் அவரே. லசார் மடித்துக் கொடுத்த சீட்டை வாங்கி, கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுப் பெட்டியில் போட்டார்.

மாலையில் எண்ணி முடித்து அறிவித்தார்: "சம்மதம், நூத்தி எம்பத்தேழு. வேண்டாம், ஒண்ணுமில்ல. வோக்ரூஸ் ஒரே மனசா நிக்குது!"

கூட்டம் கைதட்டியது. சிலர் தரையைப் பார்த்துக்கொண்டே தட்டினார்கள்.

"என் சீட்டு எங்க மேயரய்யா?" என்றான் லசார்.

"எந்தச் சீட்டு?"

"வேண்டாம்னு நான் எழுதிக் குடுத்த சீட்டு."

மேயர் நிதானமாகப் பெட்டியை மூடினார். "லசாரு, உனக்குத்தான் எழுதவே தெரியாதேப்பா. காலோட சேத்து மண்டையிலயும் அடிபட்டுடுச்சா?"

மன்றமே சிரித்தது. பக்கத்து வீட்டுக் கொலாவும் சிரித்தான். லசார் கணப்படுப்பு வரை நொண்டிக்கொண்டே போனான். அணைந்துகிடந்த ஒரு கரிக்கட்டையை எடுத்தான். மேயரின் நாற்காலிக்குப் பின்னால் வெள்ளையடித்திருந்த சுவரில், ஆள் உயரத்துக்கு அந்த மூன்று எழுத்தையும் போட்டான். கடைசி எழுத்து இடம் வலம் மாறிப்போனது. ஆனாலும் வாசிக்க முடிந்தது. சிரிப்பு அப்படியே நின்றது.

செவ்வாய்க்கிழமை போலீஸ் வந்தது. சுவரைக் கெடுத்தது சின்னக் குற்றம். ரகசியச் சங்கத்தில் சேர்ந்தது பெரிய குற்றம் என்றார்கள். அவன் எந்தச் சங்கத்திலும் இல்லை. எங்கோ ஒரு அறையில் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்து, அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல், ஒரு வார்த்தை கேட்காமல், பட்டியலில் அவன் பெயருக்கு எதிரே 'அல்ஜீரியா' என்று எழுதினார்கள்.

கடல் தாண்டி நாடுகடத்தப்பட்டு, அங்கே சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டினான். குளிர்காய்ச்சல் வந்தது, போனது, மறுபடி வந்தது. ஒரு வருடத்தில் அந்த ஜனாதிபதி சக்கரவர்த்தியாகவே ஆகிவிட்டான் என்று காவலாளி சொன்னான். மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்களை ஊருக்கு அனுப்பினார்கள். பலர் போட்டார்கள். அவர்களுக்கும் வீட்டில் பசித்த வயிறுகள் இருந்தன. லசாரின் முன்னாலும் காகிதத்தை நீட்டினார்கள்.

"எனக்கு எழுதத் தெரியாதுங்க. எங்க ஊரு மேயரே சொல்லிட்டாரு," என்றான்.

பியரெத்திடமிருந்து கடிதம் வந்தது. கூட இருந்த ஒருவன் படித்துக் காட்டினான்: 'புள்ளைங்களுக்கு ரொட்டி இல்ல. நான் ஊரார் துணிய ஆத்துல தொவைக்கிறேன். கையெழுத்துப் போட்டுட்டு வந்து சேரு. உன் வீறாப்ப வச்சு அடுப்பு எரிக்க முடியுமா?' லசார் அன்று சாப்பிடவில்லை. கையெழுத்தும் போடவில்லை.

எல்லோருக்கும் பொதுமன்னிப்பு என்று 1859இல் சக்கரவர்த்தியே அறிவித்த பிறகுதான் திரும்பினான். பியரெத் கதவைத் திறந்தாள். அவளுக்கு முன்பல் இரண்டு போயிருந்தது.

"எட்டு வருஷம்," என்றாள். "மூணு எழுத்துக்கு எட்டு வருஷம்! நான் உனக்குச் சொல்லிக்குடுத்திருக்கவே கூடாது."

அவள் வழிவிட்டாள், ஆனால் நெடுநாள் வரை அவனுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. பெரியவனுக்கு அப்பனை அடையாளம் தெரியவில்லை. சின்னவள் அவனைக் கண்டு பயந்தாள்.

அந்த வாரம் கொலா ஒரு புட்டி ஒயினோடு வந்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "லசாரு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நானும் வேண்டாம்னுதான் எழுதிப் போட்டேன்."

"என்ன?"

"நான் மட்டுமில்ல. பதினோரு பேரு. பின்னாடி ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டோம்."

"நீ சிரிச்சியேடா! நான் பாத்தேனே!"

"பயந்து சிரிச்சேன்டா."

லசார் அவன் வாயில் ஒரு குத்து விட்டான். புட்டி உடைந்து ஒயின் வாசற்படியில் ஓடியது. "பதினோரு பேரு! ஒரே ஒருத்தன் எந்திரிச்சு 'என் சீட்டு எங்க'ன்னு கேட்டிருந்தா, அந்த மேயரால எங்க ரெண்டு பேரையும் எழுதத் தெரியாதவங்கன்னு சொல்லியிருக்க முடியுமா?"

சக்கரவர்த்தி மேல் இருந்த கோபத்தைவிட இந்தக் கோபம் அவனை அதிகமாக அரித்தது. சக்கரவர்த்தியை அவன் நேரில் பார்த்ததே இல்லை; இந்தப் பதினோரு பேரையோ தினமும் பார்க்க வேண்டியிருந்தது. அதன் பிறகு அவர்களில் யாரோடும் அவன் உட்கார்ந்து குடித்ததில்லை.

1870இல் போரில் தோற்றுச் சக்கரவர்த்தி சரணடைந்தான். குடியரசு மறுபடி வந்தது. மன்றத்து வாசலில் முதல் ஆளாய் "குடியரசு வாழ்க!" என்று தொண்டை கிழியக் கத்தியவர் மேயர் கோத்ரிதான். அவரைத் தொட ஆளில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அவரிடம் வேலை பார்க்கும் மகன் ஒருவன் இருந்தான். லசார் காறித் துப்பிவிட்டு வீட்டுக்கு வந்தான்.

அதன் பிறகு வந்த ஒவ்வொரு தேர்தலிலும், பெட்டியைத் திறந்ததும் அவன் மேஜையோரம் வந்து நிற்பான். ஒவ்வொரு சீட்டையும் உரக்கப் படித்துக் காட்டச் சொல்வான்.

"உன்னால எங்க சோறு ஆறுதுய்யா," என்று எண்ணுகிறவர்கள் முணுமுணுப்பார்கள்.

"ஆறட்டும். படி."

1877 அக்டோபர் தேர்தலன்று அவனால் மேஜையோரம் நிற்க முடியவில்லை. காய்ச்சல் உடம்பைக் கரைத்திருந்தது. பெஞ்சில் போர்வையோடு உட்கார்ந்திருந்தான். பியரெத் கூப்பிட வந்தாள்.

"சூப்பு வச்சிருக்கேன். எந்திரி."

"எண்ணி முடியட்டும்."

அவள் தலையில் அடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். காய்ச்சல் மயக்கத்தில் அவன் கண் இரண்டு முறை சொருகியது. எழுத்தர் குடியரசுக் கட்சிக்கு நூற்றுப் பதினாலு என்று குறித்துக்கொண்டபோது, அந்த நாட்டில் ஓட்டே இல்லாத பெண்பிள்ளையான பியரெத் எழுந்து நின்றாள்.

"நூத்திப் பதினஞ்சு. நான் எண்ணிக்கிட்டுதான் இருக்கேன். மொதல்லேருந்து படிங்க."