ஒரு மாட்ச் முடிவு மட்டும் பாக்கி

எந்த ஆண்டைப் பற்றிப் பேச்செடுத்தாலும் பத்மநாதன் முதலில் அண்ணாந்து கூரையைப் பார்ப்பார். பெருவிரலால் மற்ற விரல்களை ஒருமுறை தொட்டுவிட்டு வருவார். பிறகு ஓர் இடத்தைச் சொல்லுவார்.

“நான் சுவிசுக்கு வந்தது எண்பத்திநாலிலை, அண்ணை,” என்று சிவநேசன் முதல்நாள் சொன்னபோதும் அப்படித்தான்.

“ஓ, பன்னிரண்டாமிடம்.”

அறைக்காகக் காத்திருப்போர் வரிசையில் தான் பன்னிரண்டாவது ஆளாக்கும் என்று சிவநேசன் நினைத்துக்கொண்டான். இங்கிலாந்தின் இப்ஸ்விச் டவுன் உதைபந்தாட்டக் கழகம் அந்தப் பருவத்தில் பிடித்த இடம் அது என்று விளங்க இரண்டு கிழமை சென்றது. இப்போது நாலு வருடமாக இருவருக்கும் ஓஸ்டர்முண்டிகனில் ஒரே அறை, பேர்ணில் ஓர் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் ஒரே மேசை.

கட்டில் விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடிக்கும்போதுதான் இந்தக் கதை நடக்கும். சிவநேசன் ஆண்டை எறிவான்.

“எழுபத்தெட்டு?”

“லீக்கிலை பதினெட்டு. ஆனா எஃப்.ஏ. கோப்பை எங்கட. ஆர்சனலை ஒண்டுக்குப் பூச்சியம்.”

“எண்பது, மார்ச்?”

“மான்செஸ்டர் யுனைட்டட்டுக்கு ஆறு! பெனால்ற்றியளைக் கோட்டைவிட்டும் ஆறு.”

“எண்பத்தாறு?”

“விரிப்பை இழுத்துப் பிடி ஐசே, சுருங்குது.”

அந்த ஆண்டுதான் இப்ஸ்விச் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. சலவைப் பகுதிக்குப் பொறுப்பான ஸ்பெயின்காரி திரேசாவுக்குப் பந்து என்றாலே ஆகாது. ஆனாலும் திங்கள் காலையில் அடுக்கைப் பார்த்தே சொல்லிவிடுவாள்: “பத்மா, உன்ர ஆக்கள் சனிக்கிழமை தோத்திட்டினம். மடிப்பெல்லாம் கோணல்.”

இத்தனைக்கும் பத்மநாதன் இங்கிலாந்தை எட்டிப் பார்த்தவர் இல்லை. இப்ஸ்விச் ஆடி ஒரு நிமிடம் கண்டவரும் இல்லை. ஏன் இந்தக் கழகம் என்று கேட்டால் சிரிப்பார். “மச்சான் தயாபரன் இருபத்திரண்டு கழகத்தின்ர பேரையும் துண்டிலை எழுதி, பால்மா ரின்னுக்கை போட்டுத் திருவுளச்சீட்டு எடுத்தவன். வைரவர் தந்தது, மாத்தேலுமே?”

ஒரே ஒரு மாட்சுக்கு மட்டும் பதில் வராது. எழுபத்தொன்பது நவம்பர், ஐரோப்பியப் போட்டி.

“அது பிறகு சொல்லுறன்.”

“நாலு வருசமாக் கடன் சொல்லுறியள், அண்ணை.”

“ஓம், கடன்தான்.” அடுத்த விரிப்பு வந்துவிடும்.

இந்த வசந்தத்தில் பத்மநாதனின் அகதி விண்ணப்பத்துக்கு இரண்டாவது விசாரணை நடந்தது. துணைக்குச் சிவநேசனும் போனான். தயாபரனை ஆமி பிடித்துப்போன காலையில்தான் அந்த விண்ணப்பமே தொடங்குகிறது. முதல் விசாரணையில் அது 1979 அக்டோபர் 25. இம்முறை நவம்பர் 8 என்றார். அதிகாரி இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரு கைது இரண்டு திகதியில் எப்படி நடக்கும் என்று மொழிபெயர்ப்பாளர் ஊடாகக் கேட்டார். இதற்குப் பதில் சரியில்லையென்றால் அடுத்தது ஊருக்குத் திருப்பியனுப்பும் விமானம்தான் என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

பத்மநாதன் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். விரல்களைத் தொட்டார்.

“நவம்பர்தான் சரி, ஐயா. அக்டோபர் நான் சொன்ன பொய். எங்கட இப்ஸ்விச்சுக்கும் உங்கட சூரிச் கிராஸ்ஹொப்பருக்கும் ரெண்டு மாட்ச். முதலாவது இஞ்சை, பூச்சியத்துக்குப் பூச்சியம். ரெண்டாவது அங்கை. அதின்ர முடிவைக் கேக்க விடியக் காலமை நாங்கள் ரெண்டுபேரும் ரேடியோவைத் திருகிக்கொண்டிருக்கேக்கை ஆமி வந்தது. ட்ரக்கிலை ஏத்தேக்கை தயாபரன் கத்தினவன், ‘முடிவைக் கேட்டு வை மச்சான், வந்து கேக்கிறன்’ எண்டு. கேட்டு வைச்சிருக்கிறன். அவன் இன்னும் வரேல்லை. அவனுக்கு முதல் வேறை ஆருக்கும் அதைச் சொல்லேலாது. நவம்பர் எண்டு சொன்னா முடிவென்ன எண்டு நீங்கள் கேப்பியள். அதாலைதான் முதல் மாட்சின்ர திகதியைச் சொன்னனான்.”

சிவநேசன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். விரிப்பு மடிக்கும் போதெல்லாம் இதையா பகிடியாகக் கேட்டோம் என்றிருந்தது. தன் எண்பத்திநாலாம் ஆண்டை எதில் கொளுவி வைத்திருக்கிறோம் என்று யோசித்தான். ஒன்றும் அகப்படவில்லை.

அதிகாரி அக்டோபர் 25 என்பதன்மேல் பேனாவால் ஒரு கோடிழுத்து, ஓரத்தில் நவம்பர் 8 என்று எழுதினார். தானும் சூரிச்காரன்தான், அந்த முதலாவது மாட்சை மைதானத்தில் நின்று பார்த்தவன் என்றார். அவர் சிரித்ததை அன்றைக்கு அப்போதுதான் கண்டார்கள்.

எழுந்து கதவு வரை வந்த அதிகாரி, கைகுலுக்கப்போன இடத்தில், ஒன்றும் தெரியாமல் நிற்கிறானே என்ற இரக்கத்திலோ என்னவோ, சிவநேசன் பக்கம் திரும்பினார். இரண்டாவது மாட்ச் எப்படி முடிந்தது தெரியுமா என்று ஜேர்மனில் தொடங்கினார். சிவநேசனுக்கு ஜேர்மனில் நன்றாக விளங்குவது எண்கள் மட்டும்தான்.

பத்மநாதன் ஒரே எட்டில் வந்து, சலவைத்தூள் மணக்கும் இரண்டு உள்ளங்கைகளாலும் சிவநேசனின் காதுகளை இறுகப் பொத்தினார். அதிகாரியின் உதடுகள் அசைந்து ஓய்ந்த பிறகும் அவர் கைகளை எடுக்கவில்லை.