வலப்பக்கச் சீட்

லண்டன் வால்தம்ஸ்டோவில் நடந்த பழைய கார்க் கண்காட்சிக்கு நானும் கணவரும் அம்மாவும் போயிருந்தோம். அங்கே நின்ற ஒரு அமெரிக்கக் குட்டிக் காரின் கதவைக் கணவர் திறந்தார். வெயிலில் வெந்த ரெக்சினும் சிகரெட் சாம்பலும் பெற்றோலும் கலந்த நாற்றம் மூக்கில் அடித்தது. நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

நான் சிறுமியாக இருந்தபோது, இதே லண்டனின் செவன் கிங்ஸில், அப்பா வைத்திருந்ததும் இதே ரகம்தான். எங்கள் தெருவிலேயே ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்த ஒரே கார். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற விடமாட்டார். தொடை அதில் ஒட்டிக்கொள்ளும்; எழும்பினால் தோல் உரிவதுபோல் இருக்கும். நான் சத்தி எடுத்தால், "பிளாஸ்டிக்தானே, துடைச்சால் போச்சு" என்பார். துடைப்பது அம்மா. உறைக்குக் கீழே இறங்கிய வாந்தி அங்கேயே கிடந்து புளித்தது.

அதைவிட அருவருப்பானது ஒன்று உண்டு. இடப்பக்கம் இருந்து ஓட்டுபவருக்கு, முன்னால் போகும் லொறியைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. அதனால் லொறியை முந்துவதற்கு முன், வலப்பக்கம் இருந்த அம்மா, மழையென்றாலும் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிப் பார்க்கவேண்டும்.

"வருதோ?"

"பொறுங்கோ, பஸ் ஒண்டு வருது."

"அதைச் சொல்ல இவ்வளவு நேரமோ? கண் தெரியாதோ உமக்கு?"

லொறிச் சக்கரம் அடித்த சேறு முகத்தில் வழிய, அம்மா கண்ணாடியை ஏற்றுவார். வீட்டுக்கு வருபவர்களிடம் அப்பா அந்தக் காரின் பெருமைதான் பேசுவார்.

இப்போது கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "மாமி, மற்றப் பக்கம் ஏறுங்கோ. ஒரு படம் எடுப்பம்" என்றார்.

"வேண்டாம் தம்பி" என்றார் அம்மா.

நல்ல வெயில். காய்ந்திருந்த முகத்தை அவர் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார்.