தரையிலிருந்து என்னை எழுப்பிவிட்ட தாய்

மலேசியாவுல, யோங் பெங்ல இருக்கேன். பேரு பத்மாவதி, வயசு அறுபத்தெட்டு. போன ஆடி வெள்ளியே நான் செத்திருக்கணும். இன்னிக்கு உங்க முன்னாடி பேசுறேன்னா, இந்த உயிர் அம்மன் போட்ட பிச்சை.

முட்டி வலின்னு சொன்ன நாள்லேருந்து என் மகன் என்னைத் தரையில உட்கார விடல. சாப்பிட நாற்காலி, காய் நறுக்க நாற்காலி, சாமி கும்பிடவும் நாற்காலி. பாசந்தான், குத்தம் சொல்லல. ஆனா ஆடி வெள்ளியில தாய் முன்னாடி காலைத் தொங்கப் போட்டு உட்கார எனக்கு மனசு ஒப்பல. மகனும் மருமகளும் விடியக்காலையிலேயே சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயாச்சு, ராத்திரிதான் வருவாங்க. திட்ட ஆளில்லன்னு, பாயாசத்துக்குப் பாலை அடுப்புல வச்சிட்டு, விளக்கேத்தி, கீழ உட்கார்ந்துட்டேன்.

எழுந்திருக்கப் பார்க்கிறேன், முடியல. கையை ஊன்றினா சறுக்குது. காலு அசையல. அடுப்புல பால் பொங்கி வழியுற சத்தம் கேட்டுச்சு. கொஞ்ச நேரத்துல கேஸ் நாத்தம். பால் வழிஞ்சு நெருப்பு அணைஞ்சிருச்சு. என் முன்னாடி விளக்கு எரியுது.

விளக்கை உடனே அணைச்சாகணும். அப்பவும் வாயால ஊதி அணைக்க மனசு வரல, பாருங்க. பூவால திரியை அமுக்கி அணைச்சேன். போன் ஹால்ல கிடக்கு. வாசல் கிரில் கதவு பூட்டியிருக்கு. கத்தினேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவுக்குக் கேக்கல. தலை சுத்துச்சு. "தாயே, நான் போனா போறேன். என் புள்ள வந்து லைட்டைத் தட்டினா வீடே வெடிக்குமே. அவன் என்ன பாவம் பண்ணான்?"னு அழுதேன்.

அழுதுகிட்டே குப்புறச் சாஞ்சேன். அம்மன் படம் வச்சிருக்கிற தாழ்வான மரப் பலகையில கை பட்டுச்சு. குளிக்காம அதைத் தொட்டதே இல்ல நான். அது மேல கையை ஊன்றுறதா? கூசுச்சு. அப்ப, சத்தியமா சொல்றேன், "புடிச்சுக்கடி"ன்னு உள்ளுக்குள்ள ஒரு குரல். ரெண்டு கையும் வச்சேன். மண்டி போட்டேன். ஒரு காலை முன்னால வச்சு எழுந்துட்டேன். சுவரைப் பிடிச்சுப் போயி கேஸை மூடி, ஜன்னலைத் திறந்துட்டு, ஓன்னு அழுதேன்.

மகன் வந்து பதறிப்போய்க் கேட்டான். "அலமாக், ஏம்மா கீழ உட்கார்ந்தீங்க?"

"இத்தனை நாளா உட்காராததுதான்டா தப்பு"ன்னேன்.

கிளினிக்ல காட்டி, பயிற்சி கத்துக்கிட்டேன். இப்ப தினமும் அம்மன் முன்னாடி உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். வலிக்கத்தான் செய்யுது. போன மாசம் கோயில் அன்னதானத்துல பந்தியில எல்லாரோடயும் தரையில உட்கார்ந்து சாப்பிட்டேன். கண்ணு கலங்கிருச்சு.

உங்களுக்கும் எழுந்திருக்க முடியாத நேரம் வரும். கூச்சப்படாம அவளைப் புடிச்சுக்குங்க. தாய் வீட்டுல புள்ள எதைப் புடிச்சு எழுந்தா என்ன?